எங்கே வெட்டும் என்பதற்கு முன், வெட்டுமா என்று கேட்க வேண்டும்

தொலைக்காட்சி மன்றத்தில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



ஒரு வெள்ளைத் தாளில் அடிக்கோல் வைத்து இரண்டு நேர்கோடுகளை இழுத்து, அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று ஆறு வயதுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். குழந்தை யோசிக்காமல் விரலை வைத்துக் காட்டிவிடும். அதே கேள்வியைக் கணினியிடம் கேட்டால் நிலைமை வேறு. கணினிக்குக் கண் இல்லை. அதற்குத் தெரிவது எண்கள் மட்டுமே. ஒரு கோட்டுக்கு இரண்டு முனைகள். ஒவ்வொரு முனைக்கும் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று இரண்டு எண்கள். ஆக இரண்டு கோடுகளுக்கு எட்டு எண்கள். அந்த எட்டு எண்களை வைத்துக்கொண்டு, அது இருட்டில் தடவிப் பார்ப்பதுபோல விடையைத் தேட வேண்டும்.

இது ஏதோ மாணவர்களின் பயிற்சிக் கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம். கைப்பேசி வரைபடத்தில் இரண்டு சாலைகள் சந்திக்கும் இடம், நில அளவையில் இரண்டு எல்லைக் கோடுகள் கூடும் மூலை, கணினி விளையாட்டில் பந்து சுவரில் மோதும் இடம், உலோகத் தகட்டை வெட்டும் இயந்திரம் திரும்ப வேண்டிய புள்ளி ஆகிய அனைத்திலும் இருப்பது இந்தக் கணக்குதான். உணவு கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனம், ஒரு வீடு தனது சேவை எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இது உதவுகிறது. அந்த வீட்டிலிருந்து ஒரு திசையில் கோடு ஒன்றை நீட்டி, அது எல்லைக் கோட்டை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணினால் போதும். ஒற்றைப்படை என்றால் உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் ஐவன் சதர்லண்ட் 1963ஆம் ஆண்டு 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைப் படைத்து, திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையலாம் என்று காட்டினார். அன்று தொடங்கி இன்றுவரை கணினியில் வரையப்படும் எல்லாப் படங்களுக்கும் அடியில் நேர்கோட்டுக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை பழைய, இத்தனை எளிய கணக்கில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சூத்திரம் எளிதுதான். அதை நம்பத்தகுந்த நிரலாக்குவதுதான் கடினம். அந்த இடைவெளியே இன்றைய உரையின் பொருள்.

பள்ளிச் சூத்திரத்தின் முதல் தடுமாற்றம்

இடைநிலைப் பள்ளி மாணவர் எவரிடம் கேட்டாலும் ஒரே முறையைத்தான் சொல்வார். ஒவ்வொரு கோட்டுக்கும் சரிவு என்று ஓர் எண் உண்டு. கிழக்கே ஒரு மீட்டர் போனால் வடக்கே எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதே சரிவு. இரண்டு கோடுகளின் சமன்பாடுகளை எழுதி, ஒன்றோடு ஒன்றைச் சமப்படுத்தினால் வெட்டும் புள்ளி கிடைத்துவிடும். தேர்வுத் தாளில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு.

இதை அப்படியே நிரலாக எழுதினால் என்ன ஆகும்? நேர் வடக்காகச் செல்லும் ஒரு சாலை வந்ததும் கணக்கு தடுமாறும். அந்தச் சாலை கிழக்கே நகர்வதே இல்லை. ஆகவே சரிவைக் காணச் சுழியத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது. சில கணினி மொழிகளில் நிரல் அங்கேயே நின்றுவிடும். வேறு சில மொழிகளில் 'முடிவிலி' என்ற ஒன்றைக் குறித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கணக்கு தொடர்ந்து ஓடும். இவற்றுள் இரண்டாவதே ஆபத்தானது. நின்றுபோன நிரலை யாராவது வந்து பார்ப்பார்கள். தவறான விடையோடு ஓடும் நிரலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொடக்க நிலையில் இருப்பவர், கோடு நிமிர்ந்து நின்றால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அப்படிச் செய் என்று நிபந்தனைகளைச் சேர்ப்பார். அதன்பின், கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும் கோடு வரும். அதன் சரிவு பல மில்லியனாக இருக்கும். அதற்கு இன்னொரு நிபந்தனை. இப்படிப் போனால் நிரல் ஒட்டுப்போட்ட சட்டையாகிவிடும். குறை ஒட்டில் இல்லை. சரிவு என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததிலேயே இருக்கிறது.

நடந்து பார்க்கும் முறை

இதற்கு மாற்றுவழி மிகவும் இயல்பானது. கோட்டின் ஒரு முனையில் நின்று மறுமுனையை நோக்கி நடப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். முழுத் தூரத்தில் எத்தனை பங்கு நடந்தால் மற்றக் கோட்டைத் தொடுவோம் என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் வேலி தொடக்கப் புள்ளியிலிருந்து புறப்பட்டு 8 மீட்டர் கிழக்கும் 4 மீட்டர் வடக்கும் போகிறது. இரண்டாவது வேலி, அதே தொடக்கப் புள்ளியிலிருந்து 2 மீட்டர் கிழக்கிலும் 5 மீட்டர் வடக்கிலும் உள்ள இடத்தில் தொடங்கி, 4 மீட்டர் கிழக்கும் 6 மீட்டர் தெற்கும் போகிறது. தெற்கை வடக்கின் எதிர்மறையாகக் கொள்ள வேண்டும்.

முதல் வேலியின் கிழக்கை இரண்டாவதின் வடக்கால் பெருக்கி, முதல் வேலியின் வடக்கை இரண்டாவதின் கிழக்கால் பெருக்கிக் கழித்தால் என்ன வருகிறது? 8 பெருக்கல் எதிர்மறை 6, அதிலிருந்து 4 பெருக்கல் 4 கழிய, எதிர்மறை 64. கணிதத்தில் அணிக்கோவை எனப்படும் இந்த எண்தான் முழுக் கணக்கின் உயிர்நாடி. அடுத்து, இரண்டு தொடக்க இடங்களுக்கும் உள்ள வேறுபாடு 2, 5. இதை இரண்டாவது வேலியின் திசையோடு அதே விதமாகப் பெருக்கிக் கழித்தால் எதிர்மறை 32. அதை எதிர்மறை 64ஆல் வகுத்தால் 0.5. முதல் வேலியில் சரிபாதி நடந்தால் சந்திப்பு என்று பொருள். அந்த இடம் 4 மீட்டர் கிழக்கு, 2 மீட்டர் வடக்கு. இரண்டாவது வேலிக்கும் இதேபோல் செய்தால் அங்கும் 0.5 வருகிறது. அதில் பாதி நடந்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். கணக்கு தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டது.

இந்த முறையில் சரிவே கிடையாது. நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் இதற்கு ஒன்றுதான். அதோடு, கிடைத்த பங்கு 0க்கும் 1க்கும் இடையில் இருந்தால் சந்திப்பு வேலியின் மேலேயே இருக்கிறது. 1.3 என்று வந்தால், வேலி முடிந்த பிறகும் அதை நீட்டிக்கொண்டே போனால்தான் சந்திப்பு. முடிவில்லாமல் நீளும் கோடு வேறு, இரண்டு முனைகள் கொண்ட கோட்டுத்துண்டு வேறு என்பதை மறந்த நிரல்களே, இல்லாத இடத்தில் சாலைச் சந்திப்பைக் காட்டுகின்றன.

இல்லை என்பதும் ஒரு விடைதான்

சரி, அந்த உயிர்நாடி எண் சுழியமாகிவிட்டால்? இரண்டு கோடுகளும் ஒரே திசையில் போகின்றன என்று பொருள். ஆனால் அதிலும் பல நிலைகள் உண்டு. இரயில் தண்டவாளம்போல விலகி ஓடலாம். அங்கே சந்திப்பு இல்லை. இரண்டும் ஒரே நேரில் அமைந்தும் இடையில் வெளி இருக்கலாம். அப்போதும் சந்திப்பு இல்லை. முனையோடு முனை தொடலாம். ஒரே ஒரு புள்ளி. ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கலாம். அப்போது விடை ஒரு புள்ளியே அன்று, ஒரு கோட்டுத்துண்டு. இவை போதாதென்று, தொடக்கமும் முடிவும் ஒரே இடமாக இருக்கும் நீளமற்ற கோடும் தரவுகளில் வந்து சேரும்.

'வெட்டும் புள்ளியைக் கொடு' என்று மட்டும் கேட்கும் நிரல், இந்த நிலைகள் அனைத்திலும் பொய் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறது. விடை இல்லாதபோது 0, 0 என்று எழுதிக் கொடுப்பது பலரிடம் உள்ள பழக்கம். ஆனால் 0, 0 என்பதும் ஓர் இடம்தானே! உலக வரைபடத்தில் சுழியம் பாகை அட்சரேகையும் சுழியம் பாகை தீர்க்கரேகையும் கூடுமிடம் மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் இருக்கிறது. இடம் தெரியாத தரவுகளெல்லாம் அந்தக் கடலில் போய்க் குவிவதால், வரைபடத் துறையினர் அங்கே 'சுழியத் தீவு' ஒன்று இருப்பதாக வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இல்லாத தீவு அது. இல்லை என்று சொல்லத் தெரியாத நிரல்களால் உண்டான தீவு.

வழிகள் வெட்டினால் மோதலா?

சிங்கப்பூர் நீரிணையில் செல்லும் இரண்டு கப்பல்களை எண்ணிப் பாருங்கள். இரண்டின் வழிகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. இரண்டுமே அந்த இடத்திலிருந்து 6 கடல் மைல் தொலைவில் இருக்கின்றன. ஒன்றின் வேகம் 12 நாட். மற்றதன் வேகம் 18 நாட். வேகமான கப்பல் 20 நிமிடத்தில் அந்த இடத்தைக் கடந்துவிடும். மற்றது வந்து சேர 30 நிமிடம் ஆகும். வழிகள் வெட்டுகின்றன, கப்பல்கள் மோதவில்லை.

இதனால்தான் கப்பலின் ரேடார் கருவி கோடுகள் வெட்டும் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு கப்பல்களும் மிக அருகில் வரும்போது எவ்வளவு தொலைவில் இருக்கும், அது எத்தனை நிமிடத்தில் நேரும் என்றே கணக்கிடுகிறது. எதிரில் நெருங்கிவரும் கப்பல் தெரியும் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறாமல் இருந்தால் மோதல் ஆபத்து உண்டென்று கொள்ள வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்லும் பாடம். சூத்திரம் சரியாக இருந்தாலும் கேள்வி தவறாக இருந்தால், விடையால் பயனில்லை.

கணினியின் பத்தில் ஒன்று

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவே இல்லாமல் நீளும். கணினி 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எண்களைச் சேமிப்பதால், அதற்குப் பத்தில் ஒன்றே அப்படி முடிவில்லாத எண்ணாகிவிடுகிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் சேமிக்க முடியும். எப்படி வெட்டுவது என்பதற்கு 1985ஆம் ஆண்டில் 754 என்ற எண்ணுள்ள அனைத்துலகத் தரநிலை வந்தது. அதற்கு முன்னின்று உழைத்த வில்லியம் கஹான், 1989ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

அந்தத் தரநிலைப்படி கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வருவதில்லை. மிக நுண்ணிய அளவு கூடுதலாக வருகிறது. இதை இரண்டு இணைகோடுகளில் வைத்துப் பாருங்கள். வடக்கே ஒரு மீட்டர் போகும்போது ஒரு கோடு கிழக்கே 0.3 மீட்டர் விலகுகிறது. மற்றொன்று 0.1ம் 0.2ம் சேர்ந்த அளவு விலகுகிறது. இடைவெளி ஒரு மீட்டர். மனிதருக்கு இவை இணைகோடுகள். கணினிக்கோ இவை சந்திக்கும் கோடுகள்! எங்கே சந்திக்கும் என்று கேட்டால், ஏறத்தாழ 18 டிரில்லியன் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் இடத்தைக் காட்டும். ஒளி அங்கே போய்ச் சேரவே ஏறக்குறைய 1.9 ஆண்டுகள் ஆகும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்குப் போகும் வழியில் கிட்டத்தட்டப் பாதித் தூரம் அது. ஒரு வீட்டு வேலியின் மூலை அங்கே இருப்பதாக நிரல் சொல்லும், அதுவும் பத்துப் பதினைந்து இலக்கத் துல்லியத்தோடு!

சிரிக்கத் தோன்றும் எடுத்துக்காட்டுதான். ஆனால் இதே பத்தில் ஒன்று உயிர்களைப் பலிகொண்டதும் உண்டு. 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமைந்திருந்த 'பேட்ரியட்' ஏவுகணைத் தடுப்புக் கருவி, வந்துகொண்டிருந்த 'ஸ்கட்' ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். கருவியின் கடிகாரம் பத்தில் ஒரு வினாடி என்ற கணக்கில் நேரத்தை எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்று 24 இரும இலக்கங்களில் வெட்டிச் சேமிக்கப்பட்டிருந்தது. நூறு மணி நேரம் இடைவிடாமல் இயங்கியதில், சின்னஞ்சிறு குறை சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடியாக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். கருவி வானத்தில் வேறோர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். அது கோடுகள் வெட்டும் கணக்கு அன்று. ஆனாலும் நோய் ஒன்றே.

நில அளவையாளரின் பழைய அறிவு

இந்த நோயின் ஒரு வடிவத்தைக் கணினிக்கு முன்பே நில அளவையாளர்கள் அறிந்திருந்தார்கள். 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன், சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துவிட்டு, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இடத்தைக் கருவியால் பார்த்துக் கோணம் எடுப்பார்கள். இரண்டு பார்வைக் கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கேதான் அந்த இடம். தஞ்சைச் சமவெளியில் தூரப் பார்வை கிடைக்காததால், 1808ஆம் ஆண்டில் பெரிய கோயில் கோபுரத்தின் மேலேயே அந்தக் கனத்த கருவியைக் கயிறு கட்டி ஏற்ற முயன்றார்கள்.

ஆக, கோடுகள் வெட்டும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் ஒரு துணைக்கண்டமே அளக்கப்பட்டது. அந்தத் துறையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு விதி உண்டு: முக்கோணத்தின் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் குறையாமலும் 120 பாகைக்கு மிகாமலும் இருப்பது நல்லது.

ஏன்? இரண்டு கோடுகள் செங்குத்தாக வெட்டும்போது, ஒன்று ஒரு சென்டிமீட்டர் விலகினால் சந்திப்பும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். வெட்டும் கோணம் 30 பாகையானால் 2 சென்டிமீட்டர் நகரும். ஒரு பாகையானால் 57 சென்டிமீட்டர். பத்தில் ஒரு பாகையானால் ஐந்தே முக்கால் மீட்டர் அளவு ஓடிவிடும். சூத்திரத்தில் பிழை இல்லை, கருவியிலும் பிழை இல்லை. கேள்வியே அவ்வளவு தளர்வானது. அனுபவமுள்ள அளவையாளர் அந்த இடத்தில் வேறொரு நிலையத்துக்குப் போய் மறுபடியும் பார்ப்பார். நிரல் எழுதுபவருக்கும் அந்த நிதானம் வேண்டும்.

முதலில் கழி, பிறகு பெருக்கு

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டிலிருந்து நில எல்லைகளுக்கு 'எஸ்விஒய்21' என்னும் அளவுமுறை பயன்படுகிறது. அதன் ஆதாரப் புள்ளிக்குக் கிழக்கே 28,001.642 மீட்டர், வடக்கே 38,744.572 மீட்டர் என்று எண்கள் கொடுக்கப்பட்டுள்ளன. ஆகவே தீவில் எந்த வேலி மூலையை எடுத்தாலும் அதன் எண்கள் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும்.

வரைகலைச் சில்லுகள் பெரிதும் பயன்படுத்தும் 32 இரும இலக்க எண்வகையில், ஏறத்தாழ ஏழு தசம இலக்கங்கள்தான் நிற்கும். மேற்சொன்ன இரண்டு எண்களையும் நேரடியாகப் பெருக்கினால் 1,084 மில்லியனைத் தாண்டுகிறது. அந்த அளவில் உள்ள எண்களை அந்த வகை 128, 128ஆகத் தாண்டித்தான் சேமிக்கும். அதாவது, பரப்பளவில் 128 சதுர மீட்டருக்கு ஒரு படி. நான்கறை வீவக வீடு ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடே இரண்டு படிகளுக்கு நடுவில் காணாமற்போய்விடும்!

மருந்து மிக எளிது. பெருக்குவதற்கு முன் கழித்துவிட வேண்டும். ஒரு வேலி மூலையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மற்ற மூலைகளெல்லாம் அதிலிருந்து எத்தனை மீட்டர் என்று முதலில் கண்டுகொண்டால், எண்கள் பத்து, இருபது என்று சிறுத்துவிடும். பிறகு பெருக்கினால் பிழை மில்லிமீட்டர் அளவில் அடங்கிவிடும். அதே சூத்திரம்தான், அதே எண்கள்தான். வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது. இதைக் கணிதப் புத்தகம் சொல்வதில்லை. ஏனெனில், கணிதத்தில் இரண்டும் சமம். கணினியில்தான் சமமில்லை.

ஒரு பொடி எண்ணின் பொல்லாத்தனம்

அப்படியானால், அணிக்கோவை மிகச் சிறியதாக இருந்தால், எடுத்துக்காட்டாக மில்லியனில் ஒரு பங்குக்கும் குறைந்தால், இணைகோடுகள் என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரும்பாலான நிரல்களில் காணப்படும் வழி இது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது.

அரை மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகள் செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. மீட்டரில் எழுதினால் அணிக்கோவை 0.25. சிக்கலே இல்லை. அதே கம்பிகளைக் கிலோமீட்டரில் எழுதினால் அணிக்கோவை மில்லியனில் கால் பங்காகச் சுருங்கிவிடும். உடனே நிரல் இவை இணைகோடுகள் என்று தீர்ப்புச் சொல்லும். செங்குத்தாக நிற்கும் இரண்டு கம்பிகள், அலகை மாற்றியதால் இணையாகிவிட்டன! அணிக்கோவையை இரண்டு நீளங்களாலும் வகுத்துவிட்டு ஒப்பிட்டால், கோணம் மட்டுமே மிஞ்சும். அலகின் விளையாட்டு எடுபடாது. எந்த அளவை 'மிகச் சிறியது' என்று கொள்வது என்பதை, அளந்த கருவியின் துல்லியத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எங்கோ பார்த்த எண்ணை அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது.

இலட்சம் கோடுகள் வந்தால்

இதுவரை சொன்னது இரண்டு கோடுகளின் கதை. ஒரு நகரின் வரைபடத்தில் 100,000 கோட்டுத்துண்டுகள் இருந்தால், ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட ஏறத்தாழ 5,000 மில்லியன் சோதனைகள் வேண்டும். 1976ஆம் ஆண்டில் மைக்கேல் ஷேமோசும் டேன் ஹோயியும், 1979ஆம் ஆண்டில் ஜான் பென்ட்லியும் தாமஸ் ஓட்மனும் இதற்கு அழகான வழி காட்டினார்கள். வரைபடத்தின்மேல் நிமிர்ந்த கோல் ஒன்றை இடமிருந்து வலமாக நகர்த்துவதாக எண்ணிக்கொள்ள வேண்டும். கோல் தொடும் கோடுகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, வரிசையில் அடுத்தடுத்து நிற்பவற்றை மட்டும் சோதித்தால் போதும். வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், வெட்டுவதற்குச் சற்று முன்பாவது அண்டை வீட்டுக்காரர்களாக நின்றே ஆக வேண்டும் அல்லவா?

ஆனால் இந்த வழியில் ஒரே ஒரு சோதனை பிசகி, மேலே இருக்க வேண்டிய கோடு கீழே போய்விட்டால், வரிசையே குலைந்துவிடும். அதன்பின் நிரல் சந்திப்புகளைத் தவறவிடும், அல்லது முடிவில்லாமல் சுற்றும், அல்லது நின்றுவிடும். ஆகவே, எங்கே வெட்டுகிறது என்ற எண்ணைவிட, இந்தப் புள்ளி கோட்டுக்கு இடப்புறமா, வலப்புறமா, கோட்டின் மேலேயா என்ற தீர்ப்பே முக்கியம். அதற்கு வகுத்தல்கூடத் தேவையில்லை. அணிக்கோவை நேர்மறையா, எதிர்மறையா, சுழியமா என்று தெரிந்தால் போதும்.

இந்தத் தீர்ப்பில் தவறே வராத வழியை ஜொனாதன் ஷூச்சக் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். அவருடைய முறை முதலில் வழக்கமான வேகத்தில் கணக்கிடுகிறது. அதோடு, தனது கணக்கில் அதிகபட்சம் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்றும் பார்க்கிறது. விடை அந்தப் பிழையைவிடப் பெரியதாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. ஐயம் வந்தால் மட்டும் கூடுதல் இலக்கங்களோடு மீண்டும் கணக்கிடுகிறது. பெரும்பாலான கேள்விகள் முதல் சுற்றிலேயே முடிந்துவிடுவதால் நேரமும் வீணாவதில்லை. தன் ஐயத்தைத் தானே அளந்துகொள்ளும் நிரல் அது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

நேயர்களே, இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் 'இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைக் காண நிரல் எழுதிக் கொடு' என்று கேட்டால், சில வினாடிகளில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அப்படியிருக்கப் பிள்ளைகள் இதை ஏன் படிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எழுதிக் கொடுத்த நிரல் சரியா என்று யார் சொல்வது என்பதே அதற்கு விடை. அதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு.

அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நிமிர்ந்த கோட்டைக் கொடுத்துப் பார்க்கலாம். இணைகோடுகளைக் கொடுக்கலாம். ஒன்றின்மேல் ஒன்று படிந்த கோடுகளைக் கொடுக்கலாம். முனையோடு முனை தொடும் கோடுகள், நீளமே இல்லாத கோடு, மிகக் குறுகிய கோணம், பெரிய பெரிய எண்கள், அலகு மாற்றிய அதே கோடுகள் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதிக்கலாம். முதல் கோட்டையும் இரண்டாவது கோட்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் அதே விடை வருகிறதா என்றும் பார்க்கலாம். மேல்நிலை மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் இவை அனைத்தையும் செய்து முடிக்கலாம். அந்தப் பிற்பகல், நூறு சூத்திரங்களை மனனம் செய்வதைவிடப் பயனுள்ளது.

பிள்ளை நிரல் எழுதிக் காட்டும்போது பெற்றோர் 'விடை வந்ததா?' என்று கேட்பது வழக்கம். இனி அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: 'விடை இல்லாத கணக்கைக் கொடுத்துப் பார்த்தாயா? அப்போது உன் நிரல் என்ன சொன்னது?'

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதரை ஊர் நம்புகிறது. நிரலையும் அப்படித்தான் நம்ப முடியும்.